இல்லாத கோளுக்கு ஓர் உருவப்படம்

2018-ல் உலகம் முழுக்கப் பரவிய உறைபனிக் கோள், 2021-ல் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று ஆனது. படம் மட்டும் இன்னும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாருமே கண்ணால் காணாத கோள்களுக்கு முகம் வரைவது யார்? அந்த முகத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பாறை. பாறை இடுக்குகளில் வெள்ளையாகப் படிந்திருப்பது உறைந்த கரியமில வாயு. வெப்பநிலை மைனஸ் 170 டிகிரி. இந்தக் குளிரில் தண்ணீர்ப் பனிக்கட்டி கல்லோடு கல்லாக இறுகிக் கிடக்கும். காற்று போதிய அடர்த்தியோடு இருந்து, பள்ளத்தாக்கில் ஏதாவது ஓடினால் அது மீத்தேன். நம் வீட்டில் வாயுவாக இருப்பது இங்கே திரவம். அடிவானத்துக்குச் சற்று மேலே ஒரு சூரியன், நாம் பார்த்துப் பழகியதில் பாதி அகலம். உச்சிப்பொழுதிலும் ஓர் அறை விளக்கின் வெளிச்சத்துக்கு மேல் தேறாது. இருட்டியதும் அண்ணாந்து பார்த்தால், திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கீழே, பூமியின் வானத்தில் இல்லாத ஒரு நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும். அதுதான் நம் சூரியன்.

பர்னார்டு நட்சத்திரத்தைச் சுற்றிவந்த குளிர்க்கோளின் காட்சி இது. இந்த இடத்துக்கு நம்மால் போக முடியாது. ஆறு ஒளியாண்டு தூரம் என்பதாலோ குளிர் தாங்காது என்பதாலோ அல்ல. அங்கே அப்படி ஒரு கோளே இல்லை.

ஒரு தள்ளாட்டம், ஓர் ஓவியம்

2018 நவம்பர் 14. ‘நேச்சர்’ இதழில் ஸ்பெயின் நாட்டு வானியலாளர் இக்னாசி ரிபாஸ் தலைமையிலான குழுவின் ஆய்வு வெளியானது. நமக்கு மிக அருகில் தனித்து நிற்கும் நட்சத்திரமான பர்னார்டைச் சுற்றி, பூமியைப் போல் குறைந்தது 3.2 மடங்கு நிறையுள்ள ஒரு கோள் 233 நாட்களுக்கு ஒருமுறை வலம்வருவதாகத் தெரிகிறது என்றது ஆய்வு. இருபது ஆண்டுத் தரவு, 771 அளவீடுகள்.

கோளை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது நட்சத்திரத்தின் ஒளியை மட்டும். கோள் சுற்றும்போது அதன் ஈர்ப்பில் நட்சத்திரமும் லேசாக முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவில் நட்சத்திர ஒளியின் நிறமாலைக் கோடுகள் இம்மியளவு இடம் மாறும். பர்னார்டில் கிடைத்த அசைவின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். மணிக்கு என்று கணக்கிட்டால் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பல லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு நெருப்புக் கோளத்தில் இந்த வேகத்தைப் பிடித்ததே ஒரு சாதனைதான், பின்னால் என்ன நடந்திருந்தாலும்.

ஆனால் தள்ளாட்ட வரைபடத்தை எந்தப் பத்திரிகை முதல் பக்கத்தில் போடும்? ஐரோப்பிய தெற்கு வானாய்வகம் செய்திக் குறிப்போடு ஓர் ஓவியத்தையும் வெளியிட்டது. வரைந்தவர் அந்த நிறுவனத்தின் ஓவியர் மார்ட்டின் கோர்ன்மெஸ்ஸர். கரடுமுரடான நிலம், செம்மஞ்சள் வெளிச்சம், அடிவானத்தில் ஒரு சின்னச் சூரியன். மறுநாள் உலகப் பத்திரிகைகளில் செய்திக்கு முகமாக நின்றது அந்தப் படம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘கோளாக இருக்கக்கூடிய ஒன்று’ என்ற பொருளில்தான் எழுதியிருந்தார்கள். 99 விழுக்காடு உறுதி என்று சொன்ன ரிபாஸ், தொடர்ந்து கண்காணிப்போம் என்றும் சேர்த்தே சொன்னார். விஞ்ஞானிகளின் வாய்ச்சொல்லில் இருந்த இந்த எச்சரிக்கையை ஓவியத்தில் எங்கே வைப்பது? பாதி நிச்சயமான மலையை வரைய முடியாது. வரைந்தால் முழு மலைதான்.

ஓவியரின் மேசையில்

சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒரு கோளின், அதாவது புறக்கோளின், படம் வரைய உட்காரும் ஓவியரிடம் இருப்பவை பெரும்பாலும் மூன்று நான்கு எண்கள். பர்னார்டு விஷயத்தில் கோளின் குறைந்தபட்ச நிறை, சுற்றும் காலம், நட்சத்திரத்திலிருந்து தூரம், நட்சத்திரத்தின் வெப்பம். அவ்வளவே. கோளின் குறுக்களவு தெரியாது. பாறையா வாயுவா தெரியாது. காற்று உண்டா, மேகம் உண்டா, எதுவும் தெரியாது. வானியலாளர்களோடு பேசி, ‘இப்படி இருந்தால் தப்பில்லை’ என்ற எல்லைக்குள் நின்று மிச்சத்தை ஓவியர் நிரப்புகிறார்.

அந்த எல்லைக்குள்ளும் சில பழக்கங்கள் உட்கார்ந்துகொள்கின்றன. ‘சிவப்புக் குள்ளன்’ என்று பெயர் பெற்றுவிட்டதால், பர்னார்டு போன்ற நட்சத்திரங்களின் வெளிச்சத்தை ரத்தச் சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ தீட்டுவது வழக்கமாகிவிட்டது. பர்னார்டின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறக்குறைய 3,200 கெல்வின். நம் வீடுகளில் எரிந்த பழைய குண்டு பல்பின் இழை 2,700 கெல்வினை ஒட்டி எரியும். அந்தப் பல்பின் கீழே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்த தலைமுறைக்குத் தெரியும், நோட்டுத் தாள் வெள்ளையாகத்தான் தெரிந்தது. பல்பை விடவும் சூடான பர்னார்டின் வெளிச்சத்தில் நின்றாலும் நம் கண் கொஞ்ச நேரத்தில் பழகிக்கொண்டு வெள்ளையை வெள்ளையென்றே காட்டும். படத்தில் உள்ள சிவப்பு, ‘இது நம் சூரியன் அல்ல’ என்று பார்ப்பவருக்குச் சொல்லும் குறிப்பு. நிறமல்ல, அடையாளம்.

இதே கதைதான் மலைகளுக்கும். பூமியைப் போல் 3.2 மடங்கு நிறையுள்ள பாறைக்கோள் என்றால், அதன் தரையில் ஈர்ப்பு இங்குள்ளதைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். அந்த எடையில் மலைகள் ஓங்கி உயர்வது சிரமம். ஆனால் தட்டையான நிலத்தை வரைந்தால் படம் எடுபடாது. ஓவியரைக் குறை சொல்லவில்லை. அவர் வேலை அது. பார்க்கிற நாம் எதை ‘கண்டுபிடிப்பு’ என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் கேள்வி.

---
பெட்டிச் செய்தி: பர்னார்டு நட்சத்திரம்

தூரம்: சுமார் 6 ஒளியாண்டு. ஆல்ஃபா சென்டாரி மூவருக்கு அடுத்து, சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம்.

நிறை: சூரியனில் சுமார் 16 விழுக்காடு.

பெயர்க் காரணம்: வானில் மற்ற எல்லா நட்சத்திரங்களையும்விட இது வேகமாக இடம் மாறுவதை 1916-ல் அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பர்னார்டு கண்டுபிடித்தார். நிலவின் அகலத்தைக் கடக்க இதற்கு 180 ஆண்டுகள் போதும்.

பார்க்க முடியுமா: வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சிறிய தொலைநோக்கி வேண்டும். பாம்பைப் பிடித்து நிற்கும் ஆளாக கிரேக்கர்கள் கண்ட ஒஃபியூகஸ் விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது.

---

கோளைக் கரைத்த கணக்கு

2021-ல் அமெரிக்காவின் ஜாக் லூபினும் குழுவினரும் டெக்சாஸில் உள்ள கருவியொன்றின் புதிய அளவீடுகளையும் சேர்த்துக்கொண்டு பழைய தரவை மறுபடி அலசினார்கள். 233 நாள் தாளம் ஒரு காலகட்டத்துத் தரவில் பலமாக இருந்தது. மற்றக் காலத்தில் காணாமல் போனது. கோள் என்றால் இப்படி வந்து போகாது.

சூட்சுமம் நட்சத்திரத்தின் சுழற்சியில் இருந்தது. பர்னார்டு தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 145 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. அதன் முகத்தில் உள்ள கரும்புள்ளிகள் சுழன்று வரும்போது நிறமாலைக் கோடுகள் பொய்யாக அசையும். பூமியிலிருந்து அந்த நட்சத்திரத்தை ஆண்டு முழுக்க இரவில் பார்க்க முடியாது. சில மாதங்கள் சூரியனுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். ஆக, அளவீடுகளில் ஆண்டுக்கொரு இடைவெளி. 145 நாள் சுழற்சியும் 365 நாள் இடைவெளியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால், கணக்கில் 240 நாளை ஒட்டி இல்லாத ஒரு தாளம் எழும். 233 அதற்குப் பக்கத்து வீடு.

அதன் பிறகு கதை இன்னொரு பக்கம் திரும்பியது. 2024 அக்டோபரில் ஹொனாய் கொன்சாலெஸ் எர்னாண்டெஸ் தலைமையிலான குழு, சிலி நாட்டிலுள்ள மிகப் பெரிய தொலைநோக்கியின் ‘எஸ்பிரெஸ்ஸோ’ கருவியைக் கொண்டு பர்னார்டைச் சுற்றி உண்மையான ஒரு கோளைக் கண்டது. பூமியின் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். மூன்றே நாளில் ஒரு சுற்று. வெப்பநிலை 125 டிகிரி செல்சியஸ். குளிர்க்கோள் அவர்கள் தரவிலும் அகப்படவில்லை. 2025 மார்ச்சில் ரித்விக் பசந்தும் குழுவினரும் ஹவாயிலுள்ள ஜெமினி தொலைநோக்கியின் அளவீடுகளைச் சேர்த்து, மொத்தம் நான்கு குட்டிக் கோள்கள் என்று உறுதிப்படுத்தினார்கள். நான்கும் பூமியைவிடச் சிறியவை. நான்கும் ஒரு வாரத்துக்குள் சுற்றி முடிப்பவை. நான்கிலும் பனிக்கு இடமில்லை.

2024 கோளுக்கும் ஓர் ஓவியம் வெளியானது. வரைந்தவர் அதே கோர்ன்மெஸ்ஸர். கோளின் பெயரும் அதே ‘பர்னார்டு பி’. இப்போது இந்தப் பெயரைப் போட்டு இணையத்தில் தேடுகிற பள்ளி மாணவருக்கு இரண்டு முகங்கள் கிடைக்கும். ஒன்று மைனஸ் 170, இன்னொன்று பிளஸ் 125. எது இருக்கிறது, எது இல்லை என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பழைய வழக்கு

பர்னார்டு நட்சத்திரம் மனிதர்களை ஏமாற்றியது இது முதல் முறை அல்ல. அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரி வானாய்வகத்தில் பீட்டர் வான் டி காம்ப், 1930-களின் கடைசியிலிருந்து இந்த நட்சத்திரத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். 1963-ல், வியாழனைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் நிறையுள்ள கோள் 24 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று அறிவித்தார். பாடப் புத்தகம் வரை போனது செய்தி. 1973-ல் வேறு வானாய்வகத் தகடுகளை அளந்த ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிக் ஐக்ஹார்னும் எந்த அசைவையும் காணவில்லை. வான் டி காம்ப்பின் சொந்த வானாய்வகத்திலேயே ஜான் ஹெர்ஷி வேறு நட்சத்திரங்களின் தகடுகளை எடுத்துப் பார்த்தார். அவையும் அதே ஆண்டுகளில் அதே மாதிரி குதித்திருந்தன. 1949-ல் தொலைநோக்கி வில்லையின் சட்டத்தை மாற்றியதன் விளைவு! 1995-ல் இறக்கும்வரை வான் டி காம்ப் தன் கோளை விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தப் பிழைக்கு ஒரு விலையும் இருந்தது. 1973-லிருந்து 1978 வரை பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டியின் பொறியாளர்கள் ‘டெடலஸ்’ என்ற ஆளில்லா விண்கலத்தைக் காகிதத்தில் வடிவமைத்தார்கள். 50,000 டன் எரிபொருள், ஒளியின் வேகத்தில் 12 விழுக்காடு, ஐம்பது ஆண்டுப் பயணம். இலக்கு, பர்னார்டு. அங்கே கோள் இருப்பதாக அப்போது நம்பப்பட்டதும் அந்தத் தேர்வுக்கு ஒரு காரணம்.

---
பெட்டிச் செய்தி: நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு கோள்

சூரியக் குடும்பத்துக்கு அப்பால் கோள் இருக்கிறது என்று தரவைக் காட்டி வாதாடிய முதல் சிலரில் ஒருவர் இருந்தது சென்னையில். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வக இயக்குநர் கேப்டன் டபிள்யூ.எஸ்.ஜேக்கப், 1855-ல் ‘70 ஒஃபியூகி’ என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதை கணக்கோடு ஒத்துப்போகாததைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று லண்டனுக்கு எழுதினார்.

1890-களில் அமெரிக்கர் தாமஸ் சீயும் அதே நட்சத்திரத்தில் ஒளியற்ற துணை ஒன்று இருப்பதாகச் சொன்னார். அப்படி ஒன்று இருந்தால் அந்த அமைப்பு நிலைத்திருக்காது என்று 1899-ல் ஃபாரஸ்ட் ரே மோல்டன் காட்டினார். ஜேக்கப் பார்த்த நட்சத்திரம் பர்னார்டு இருக்கும் அதே ஒஃபியூகஸ் கூட்டத்தில்தான் இருக்கிறது.

1792-ல் எழுந்த அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டு, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

---

இனி ஒருபோதும் பார்க்க முடியாத கோள்

குளிர்க்கோள் என்பதே கட்டுக்கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்னொன்று இருக்கிறது, பெயர்தான் வாய்க்குள் நுழையாது: ஓகிள்-2005-பிஎல்ஜி-390எல்பி. 2006 ஜனவரியில் அறிவிக்கப்பட்டபோது, சாதாரண நட்சத்திரத்தைச் சுற்றும் புறக்கோள்களில் பூமிக்கு மிக நெருங்கிய நிறை கொண்டவற்றில் ஒன்றாக இருந்தது. பூமியைப் போல் ஐந்தரை மடங்கு. வெப்பநிலை மைனஸ் 220 டிகிரி. அங்கே மீத்தேனும் திரவமாக இருக்காது. நைட்ரஜனே உறைந்து தரையில் கிடக்கும். தூரம் இருபதாயிரம் ஒளியாண்டுக்கு மேல்.

அவ்வளவு தொலைவில் ஒரு கோளைக் கண்டது எப்படி? ஒரு நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் இன்னொரு நட்சத்திரம் கடந்தால், முன்னதன் ஈர்ப்பு பின்னதன் ஒளியை வில்லையைப் போல் குவித்துப் பெருக்கிக் காட்டும். ஐன்ஸ்டைன் 1936-ல் இதைக் கணக்குப் போட்டுவிட்டு, நேரில் பார்க்க வாய்ப்பில்லை என்று ஒதுக்கிவிட்டார். போலந்து வானியலாளர் போதான் பச்சின்ஸ்கி 1986-ல், லட்சக்கணக்கான நட்சத்திரங்களை ஒரே நேரத்தில் கண்காணித்தால் முடியும் என்றார். அதைச் செய்யத்தான் சிலியில் ‘ஓகிள்’ திட்டம் பிறந்தது.

2005 ஜூலை 31-ல் பின்னால் இருந்த நட்சத்திரம் மூன்று மடங்கு பிரகாசித்துவிட்டு மங்கத் தொடங்கியது. ஆகஸ்ட் 10-ம் தேதி, இறங்கிக்கொண்டிருந்த வளைவில் திடீரென ஒரு சின்ன மேடு. சுமார் ஒரு நாள். அதோடு சரி. அந்த மேடுதான் கோள். அந்த நட்சத்திரங்கள் அதே நேர்கோட்டில் மறுபடி வரப்போவதில்லை. மனித குலத்துக்கு அந்தக் கோளைப் பற்றிக் கிடைத்த நேரடித் தகவல் அந்த ஒரு மேடு மட்டுமே.

இதற்கும் ஓவியங்கள் உண்டு. ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் பனிக்கோளான ‘ஹோத்’ என்ற செல்லப் பெயரும் உண்டு. பர்னார்டு படத்தைவிட இந்தப் படங்கள் இன்னும் துணிச்சலானவை. பொய்யென்று நிரூபிக்கவும் வழியில்லாதவை.

பழைய ஓவியங்களுக்கு என்ன ஆனது?

ஓவியம் தவறாகலாம் என்பது வேறு, ஓவியத்தால் கெடுதல் என்பது வேறு. செஸ்லி போன்ஸ்டெல் என்ற அமெரிக்கர் கட்டடக் கலைஞராக இருந்து, ஹாலிவுட்டில் பின்னணிக் காட்சிகள் தீட்டியவர். 1944-ல் ‘லைஃப்’ இதழில் சனிக் கோளை அதன் நிலவான டைட்டனிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரைந்தார். நீல வானம், பனி மூடிய செங்குத்துப் பாறைகள், நடுவே வளையங்களோடு சனி. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் விண்வெளித் துறைக்கு வந்தோம் என்று சொன்னவர்கள் அமெரிக்காவில் பலர்.

1980-ல் வாயேஜர்-1 டைட்டனைக் கடந்தபோது தெரிந்தது செம்மஞ்சள் புகைமூட்டம் மட்டும். 2005 ஜனவரி 14-ல் ‘ஹைகன்ஸ்’ கலம் அங்கே தரையிறங்கி எடுத்த படத்தில் சனி இல்லை, நீல வானமில்லை, செங்குத்துப் பாறையில்லை. மங்கிய மஞ்சள் சமவெளியில் உருண்டு தேய்ந்த பனிக்கட்டிக் கற்கள். போன்ஸ்டெல்லின் டைட்டன் முழுக்கத் தவறு. ஆனால் அந்தத் தவறு அம்பலமாவதற்குள் அது ஒரு தலைமுறையைக் கலம் கட்ட அனுப்பிவிட்டது. போன்ஸ்டெல்லின் படத்தைத் திருத்துவதற்கு ஹைகன்ஸ் இருந்தது. பர்னார்டு குளிர்க்கோளின் படத்தைத் திருத்த என்ன இருக்கிறது?

திருத்தத்துக்குப் படம் கிடையாது

சிக்கலின் வேர் இங்கேதான். கண்டுபிடிப்புக்கு ஓவியம் வருகிறது, மறுப்புக்கு வருவதில்லை. லூபின் குழுவின் ஆய்வுக்கு என்ன படம் போடுவது? ‘இல்லாத கோள்’ என்று வெற்று வானத்தையா? 2021-ல் வந்த மறுப்பு வானியல் இதழ்களோடு நின்றுபோனது. 2018 ஓவியம் யூட்யூப் முகப்புகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்றும் உலாவுகிறது. பெரும்பாலும் ‘ஓவியரின் கற்பனை’ என்ற வரி வெட்டப்பட்டு.

‘இரண்டாவது பூமி’ செய்திகளில் இது இன்னும் மோசம். 2015-ல் கெப்ளர்-452பி என்ற கோளை ‘பூமியின் அண்ணன்’ என்ற பாணியில் அறிமுகப்படுத்தினார்கள். நீலக் கடலும் வெண்மேகமுமாகப் படங்கள் வந்தன. அதன் நிறையை இதுவரை யாரும் அளக்கவில்லை. 2018-ல் ஒரு குழு அந்தக் கோள் இருக்கிறது என்பதற்கே போதிய உறுதி இல்லை என்று வாதிட்டது. ஓவியத்தில் கடலைப் பார்த்துவிட்டவரிடம் இந்த வாதத்தைச் சொல்லிப் பாருங்கள். விஞ்ஞானிகள் மழுப்புகிறார்கள் என்றுதான் நினைப்பார். அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்வது அதன் பலம். ஓர் ஓவியத்தின் தயவால் அதே பலம், ‘இவர்கள் இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று சொல்பவர்கள்’ என்ற அவப்பெயராக மாறுகிறது. தடுப்பூசியிலிருந்து காலநிலை வரை அந்த அவநம்பிக்கை எங்கெங்கோ போய் முட்டுகிறது.

முடியாத காரியமல்ல என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்தின் ஏழு கோள்கள் அறிவிக்கப்பட்டபோது கால்டெக்கின் ஓவியர்கள் ராபர்ட் ஹர்ட்டும் டிம் பைலும் வரைந்த படங்கள் உலகப் புகழ் பெற்றன. கோள்களின் அடர்த்தி பற்றிப் புதிய கணக்கு வந்ததும், 2018-ல் நாசா அந்தப் படங்களைத் திருத்தி வெளியிட்டது. ஏன் செய்தோம் என்ற விளக்கத்தோடு. தரவு மாறியது, படம் மாறியது. பர்னார்டுக்கும் அதையே செய்திருக்கலாம். பழைய ஓவியத்தின் மேலேயே ‘இந்தக் கோள் உறுதியாகவில்லை’ என்று அச்சிட்டுத் திரும்ப வெளியிட என்ன செலவாகிவிடும்?

இப்போது இன்னொரு தலைவலி சேர்ந்திருக்கிறது. கோர்ன்மெஸ்ஸரோ ஹர்ட்டோ வானியலாளரிடம் கேட்டு வரைகிறார்கள். தப்பென்றால் யாரிடம் கேட்பது என்று தெரியும். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ‘குளிர்க்கோள்’ என்று தட்டினால் அரை நிமிடத்தில் வந்து விழும் படத்துக்குப் பின்னால் எந்தக் கணக்கும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. பல யூட்யூப் சேனல்கள் அதையும் ‘நாசா வெளியிட்ட படம்’ என்று போடுகின்றன. இந்த வெள்ளத்தில் பெயரும் பொறுப்பும் உள்ள ஓவியம்தான் நம்பகமான பக்கம் என்று ஆகிவிட்டது.

உண்மையான புகைப்படம் எப்படி இருக்கும்?

இதுவரை உறுதியான புறக்கோள்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன. நேரடியாகப் படம் எடுக்கப்பட்டவை நூற்றுக்கும் குறைவு. அவற்றில் குளிர்ந்த ஒன்று, 12 ஒளியாண்டு தூரத்தில் உள்ள எப்சிலான் இண்டி ஏபி. 2024 ஜூலையில் ஹைடல்பெர்க் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் எலிசபெத் மேத்யூஸ் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் எடுத்த படத்தை வெளியிட்டது. வியாழனைப் போல் ஆறு மடங்கு நிறை. வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ். ஊட்டியின் பனிக்கால அதிகாலை அளவு.

படத்தில் தெரிவது ஒரு செம்மஞ்சள் திட்டு. மேகமில்லை, நிலமில்லை, விளிம்புகூட இல்லை. நடுவே ஒளி மறைக்கப்பட்ட நட்சத்திரத்தின் இடத்தில் ஒரு குறி. அந்த செம்மஞ்சளும் கண் காணும் நிறமல்ல. நடு அகச்சிவப்பு ஒளிக்கு ஆய்வாளர்கள் ஏற்றிக் கொடுத்த நிறம். ஆனால் அந்தத் திட்டு செய்த வேலை பெரியது. முந்தைய கணக்குகள் சொன்னதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிறை என்று காட்டியது. எதிர்பார்த்த இடத்திலும் கோள் இல்லை. கற்பனையே செய்யாத ஒரு புள்ளி, கற்பனையைத் திருத்தியது.

தொலைக்காட்சியில் அந்தத் திட்டு எத்தனை நொடி வந்திருக்கும்? அதோடு வெளியான, வளைந்த விளிம்பும் மேகப் பட்டைகளும் கொண்ட ஓவியம் எத்தனை நொடி வந்திருக்கும்? யூகிப்பது கஷ்டமில்லை.

இனி வரப்போவது

நாசாவின் ‘நான்சி கிரேஸ் ரோமன்’ விண்வெளித் தொலைநோக்கியை 2027 மே மாதத்துக்குள் ஏவுவது என்பது திட்டம். ஓகிள் செய்த அதே ஈர்ப்பு வில்லை வேட்டையை அது விண்வெளியிலிருந்து நடத்தும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அவற்றில் மிகப் பல, தத்தம் நட்சத்திரத்திலிருந்து வெகுதூரம் விலகிக் குளிர்ந்து கிடப்பவை. ஆயிரத்திலும் கிடைக்கப்போவது வரைபடத்தில் ஒரு மேடுதான். ஆனால் அவற்றில் கவர்ச்சியான சிலவற்றுக்கு ஓவியம் வரும். முதல் பக்கத்தில் வரும். நம் பள்ளிக் கண்காட்சிகளில் தெர்மோகோல் பலகையில் ஒட்டப்படும்.

ஓவியங்கள் வரட்டும். அவை இல்லாமல் வெறும் மேட்டைக் காட்டி எந்தப் பிள்ளையையும் வானத்தின் பக்கம் இழுக்க முடியாது. ஆனால் மூன்று வேலைகளை உடனே தொடங்கலாம். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ‘கற்பனை ஓவியம்’ என்ற வார்த்தையைப் படத்தின் மேலேயே, தலைப்புக்கு அடுத்த பெரிய எழுத்தில் போட வேண்டும். ஓவியரின் பெயரையும் போட வேண்டும். அறிவியல் ஆசிரியர்கள் படத்தோடு அந்தப் படத்துக்கு அடிப்படையான வரைபடத்தையும் பலகையில் ஒட்டினால், அந்த ஒரு மேட்டிலிருந்து இவ்வளவு எப்படிக் கண்டார்கள் என்று மாணவர் கேட்பார்; பாடம் அங்கே ஆரம்பிக்கும்.

மூன்றாவது வேலை நமக்கு. அடுத்த முறை கைப்பேசியில் ஓர் அழகான கோள் வந்து விழும்போது படத்தின் மூலையைப் பாருங்கள். யார் வரைந்தது, யார் வெளியிட்டது என்று அங்கே இருந்தால், அந்த வரியை வெட்டாமல் அனுப்புங்கள். எதுவும் இல்லையென்றால், அனுப்ப வேண்டாம்.